நண்டு வளையும் ரிவெட் துளையும்

போன பங்குனியில் பாபநாசம் பக்கத்தில் எங்கள் சித்தப்பாவின் உளுந்து அடிக்கும் மிஷினில் ஷாஃப்ட் ஒடிந்துபோனது. அன்றைக்குப் பெரிய பளு ஒன்றும் இல்லை. நன்றாகக் காய்ந்த செடிதான் உள்ளே போய்க்கொண்டிருந்தது. ஒடிந்த துண்டுகளை லேத் பட்டறைக்கு எடுத்துப்போனோம். பட்டறைக்காரர் ஒன்றைத் துணியால் துடைத்து, வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். “தம்பி, இது இன்னைக்கு ஒடிஞ்சது இல்ல. ரொம்ப நாளா ஒடிஞ்சுக்கிட்டே இருந்திருக்கு.”

முறிந்த முகத்தில் முக்கால் பங்கு வழவழப்பாக இருந்தது. கொள்ளிடத்தில் தண்ணீர் வடியும்போது மணலில் வரிவரியாகக் கோடு விழுமே, அதே மாதிரி மெல்லிய வளைவுகள். எல்லா வளைவும் ஒரே இடத்திலிருந்து விரிந்திருந்தன: புல்லியை இறுக்குவதற்காக ஷாஃப்டில் வெட்டியிருந்த காடியின் கூர்மையான மூலை. மிச்சக் கால் பங்குதான் சொரசொரவென்று இருந்தது. அன்றைக்கு ஒடிந்தது அந்தக் கால் பங்கு மட்டும்.

இதற்கு உலோகச் சோர்வு என்று பெயர். மனிதனின் சோர்வு தூங்கினால் தீரும். உலோகத்துக்கு எவ்வளவு ஓய்வு கொடுத்தாலும் விழுந்த விரிசல் மூடாது. ஒரே தடவையில் உடைக்க முடியாத சிறிய பளுவும், ஏறி இறங்கி ஏறி இறங்கி வந்தால் உலோகப் படிகங்களின் அடுக்குகளை முன்னும் பின்னும் வழுக்க வைக்கும். மேற்பரப்பில் கண்ணுக்குத் தெரியாத மேடுபள்ளம் உண்டாகும். அதில் ஒரு பள்ளம் விரிசலாகும். டெல்டாவில் இதைப் புரியவைக்க நண்டு வளையே போதும். வரப்பில் கட்டைவிரல் நுழையும் அளவுக்கு ஒரு வளை, அதில் கசியும் தண்ணீர், கரையும் மண். விடியும்போது வரப்பே இருக்காது.

விமானத்தின் உடலுக்கு இந்தச் சோதனை ஒவ்வொரு பயணத்திலும் வருகிறது. உயரே வெளிக்காற்று மெலிந்துவிடுவதால், பயணிகள் மூச்சுவிட உள்ளே அழுத்தம் கூட்டி வைக்கிறார்கள். அதனால் உடல் தகட்டின் ஒவ்வொரு சதுர மீட்டரையும் சுமார் ஐந்தரை டன் விசை வெளியே தள்ளுகிறது. தாங்கும் தகடு பல இடங்களில் ஒரு மில்லிமீட்டர் கனம்தான். இறங்கியதும் அந்த விசை போய்விடும். பலூனை ஊதி ஊதிக் காற்றை விடுவதுபோல, வாழ்நாளில் பல்லாயிரம் தடவை.

தகடு முழுவதும் இந்த விசை சமமாகப் பரவினால் கவலையில்லை. ஆனால் ஓடுகிற வாய்க்காலில் ஒரு முளையை அடித்துப் பாருங்கள். தண்ணீர் அதன் இரு பக்கமும் நெருக்கியடித்துக்கொண்டு போகும். தகட்டில் துளை போட்டாலும் விசை அப்படித்தான் விளிம்பில் நெருங்குகிறது. வட்டமான துளையின் விளிம்பில் இழுவிசை மற்ற இடத்தைவிட மூன்று மடங்கு. கூர்மையான மூலை என்றால் இன்னும் மோசம். ஒரு விமானத்தில் தகடுகளைச் சேர்த்துப் பிடிக்கும் ரிவெட் ஆணிகளுக்கான துளைகளோ லட்சக்கணக்கில்.

உலகின் முதல் ஜெட் பயணிகள் விமானமான காமெட் இதில்தான் சிக்கியது. 1954 ஜனவரியிலும் ஏப்ரலிலும் இரண்டு காமெட்கள் இத்தாலிக்கு அருகே நடுவானில் சிதறின. 56 பேர் இறந்தார்கள். ஒன்று 1,290 பயணங்களும் மற்றது 900 பயணங்களும்தான் போயிருந்தன. இங்கிலாந்தின் ஃபார்ன்பரோவில் ஒரு முழு காமெட் விமானத்தையே தண்ணீர்த் தொட்டியில் வைத்து, உள்ளே தண்ணீரை ஏற்றி இறக்கிச் சோதித்தார்கள். சுமார் 3,000 பயணங்களுக்குச் சமமான பளுவில் அது கிழிந்தது. ஆனால் தயாரித்தவர்களின் பழைய சோதனையில் உடலின் ஒரு பகுதி ஏறத்தாழ 16,000 தடவை தாங்கியிருந்ததே! அது எப்படி?

அந்தச் சோதனைத் துண்டை முதலில், வலிமை போதுமா என்று பார்க்க, வழக்கமான அழுத்தத்தைப்போல இரண்டு மடங்கு வரை ஊதியிருந்தார்கள். அப்போது ஜன்னல் மூலைகளில் உலோகம் கொஞ்சம் நிரந்தரமாக நீண்டுவிட்டது. அழுத்தம் போனதும் சுற்றியிருந்த உலோகம் பழைய நிலைக்குத் திரும்பி, நீண்ட இடத்தை நாலாபுறமும் நெருக்கியது. அந்த நெருக்கல் விரிசலைப் பிறக்கவிடாமல் காத்தது. பயணிகளை ஏற்றிப் பறந்த விமானங்களுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. சோதனை ஏமாற்றிவிட்டது.

அன்றைக்கு ஏமாற்றிய அதே இயல்புதான் இன்றைக்கு விமானங்களைக் காக்கிறது. என்னைப் பொறுத்தவரை இந்தத் துறையிலேயே அழகான வேலை இதுதான். துளையை அளவைவிடச் சற்றுச் சிறியதாகப் போடுகிறார்கள். உள்ளே ஒரு மெல்லிய உறையை வைத்து, துளையைவிடப் பருத்த ஓர் எஃகு ஊசியை அதன் வழியாக இழுக்கிறார்கள். துளை சில சதவீதம் விரிகிறது. ஊசி வெளியே வந்ததும் சுற்றியுள்ள உலோகம் விரிந்த வளையத்தை இறுக்கிப் பிடிக்கிறது. அப்புறம் துளையைச் சரியான அளவுக்குச் சீவிக்கொள்கிறார்கள். இனிப் பறக்கும்போது வரும் இழுவிசை முதலில் அந்த இறுக்கத்தைத் தாண்டியாக வேண்டும். தகட்டின் கனமும் கூடவில்லை, எடையும் கூடவில்லை. ஆயுள் மட்டும் பல மடங்கு நீள்கிறது.

இதையே மேற்பரப்பு முழுவதும் செய்ய, சின்னஞ்சிறு உருண்டைகளை அதன்மேல் வேகமாக அடிப்பார்கள். ஒவ்வொரு உருண்டையும் ஒரு குட்டிச் சுத்தியல். மேல்தோல் விரியப் பார்க்கும், அடியில் உள்ள உலோகம் விடாது. அதனால் தோல் நெருக்கத்திலேயே இருக்கும். நம் பஸ், லாரிகளின் ஸ்பிரிங் பட்டைகளுக்கும் இந்த வைத்தியம் உண்டு. ஆழமாக நெருக்க லேசர் துடிப்பாலும் அடிக்கிறார்கள். ஏர்பஸ் ஏ380-இன் மேல்பகுதியில் அலுமினியத்துக்கு நடுவே கண்ணாடி இழை அடுக்குகளை ஒட்டியிருக்கிறார்கள். விரிசல் ஓர் அடுக்கில் ஓடினாலும் இழைகள் பிடித்துக்கொள்ளும்.

இவ்வளவும் விரிசலைத் தள்ளிப்போடத்தான். 1988 ஏப்ரல் 28 அன்று ஹவாயில் அலோஹா நிறுவனத்தின் போயிங் 737 ஒன்றின் கூரை சுமார் ஐந்தரை மீட்டர் நீளத்துக்குப் பறந்துபோனது. தீவுக்குத் தீவு குட்டிப் பயணங்களாக 89,000-க்கும் மேல் போய்வந்த விமானம். உப்புக் காற்றும் ஈரமும் சேர, தகடுகளுக்கு இடையே இருந்த பசை விட்டுப்போனது. முழுப் பளுவும் ரிவெட்கள் மேல் விழுந்தது. துளைக்குத் துளை சின்ன விரிசல்கள். ஒருநாள் எல்லாம் கைகோத்துக்கொண்டன. பணிப்பெண் ஒருவர் இறந்தார். ஏறும்போதே ஒரு பயணி உடலில் விரிசலைப் பார்த்திருக்கிறார், யாரிடமும் சொல்லவில்லை. அந்தத் தகவலைப் படித்தபோது எனக்கு மனசு ஆறவில்லை.

அதனால்தான் இப்போது, விரிசல் இருக்கும் என்று வைத்துக்கொண்டே கணக்குப் போடுகிறார்கள். கண்ணில் படும் அளவிலிருந்து ஆபத்தான அளவுக்கு வளர எத்தனை பயணம் ஆகும் என்று பார்த்து, அதற்குள் குறைந்தது இரண்டு முறையாவது சோதனை வருமாறு நாள் குறிக்கிறார்கள். உலோகத்துக்குள் மின்னோட்டத்தைச் சுழலவிட்டு விரிசலைத் தேடும் சுழல் மின்னோட்டக் கருவியைத் துளையின் ஓரமாக நகர்த்தினால், பெயின்ட்டுக்கு அடியில் இருக்கும் விரிசலும் காட்டிக்கொடுக்கும். மண்வெட்டியோடு வரப்பைச் சுற்றிவரும் வேலைதான் அதுவும்.

சித்தப்பாவின் புது ஷாஃப்ட் மறுநாளே தயாரானது. பட்டறைக்காரர் காடியின் மூலையைக் கூர்மையாக விடாமல் உருட்டியிருந்தார். எமரித் தாளை வைத்து அந்த இடத்தையே கால் மணி நேரம் தேய்த்தார். “எதுக்குண்ணே இவ்வளவு?” என்றேன். விரலை வைத்துத் தடவிப் பார்க்கச் சொன்னார்.