பானெட்டுக்குள் செங்கல்: லம்போர்கினி 350 ஜிடிவியைப் பார்க்கும் முறை

பழைய கார்களின் பாடியைப் புதுப்பிக்கும் தொழிலில் இருப்பதால், அரிய மாதிரிக் கார்களின் படங்களைக் காட்டி என்னிடம் கருத்துக் கேட்பவர்கள் அதிகம். அவர்களில் பெரும்பாலோர் பெயின்டின் பளபளப்பையும் முகப்பிலுள்ள சின்னத்தையும் பார்த்தே காரை எடைபோட்டுவிடுகிறார்கள். அது போதாது என்பதற்கு 350 ஜிடிவி நல்ல சான்று.

1963-ஆம் ஆண்டு இத்தாலியின் டூரின் மோட்டார் கண்காட்சியில் லம்போர்கினி முன்வைத்த முதல் கார் இது. செய்யப்பட்டது ஒன்றே ஒன்றுதான். வடிவமைத்தவர், அதற்குமுன் கார் உடல் வடிவமைப்பு நிறுவனமான பெர்டோனேயில், காற்றுத்தடையைக் குறைக்கும் சோதனைக் கார்களான ஆல்ஃபா ரோமியோவின் பேட் வரிசையை வரைந்த ஃபிராங்கோ ஸ்காலியோனே. இக்காரின் படத்தைப் பார்க்கும்போது, முன்சக்கரத்துக்கும் கதவுக்கும் இடையே எவ்வளவு நீளம் விடப்பட்டிருக்கிறது என்பதை முதலில் கவனியுங்கள். நீண்ட தூரம் விரைந்து செல்லும் காரின் தோரணை அங்கேதான் பிறக்கிறது. ஹெட்லைட்டுகள் உள்ளே மறைந்துகொள்வதால் பானெட்டின் சரிவு எங்கும் தடைபடாமல் மூக்குவரை இறங்குகிறது. பின்புறத்தில் பக்கத்துக்கு மூன்றாக நிற்கும் ஆறு சைலன்சர் குழாய்கள் சற்று மிகையே என்றாலும், அவற்றை நான் மன்னித்துவிடுவேன்.

ஆனால், அந்தத் தாழ்ந்த பானெட்டுக்குள் எஞ்சின் இல்லை. பொறியாளர் ஜியோட்டோ பிட்சாரினி உருவாக்கிய, பன்னிரண்டு சிலிண்டர்கள் கொண்ட வி12 எஞ்சின் அந்த உடலுக்குள் அடங்காததால், எடைக்குச் செங்கற்களை வைத்து, பானெட்டைத் திறக்காமலே காரைக் காட்சிக்கு நிறுத்தினார்கள். 1964-இல் ஜெனீவாவில் அறிமுகமான விற்பனைக் காரான 350 ஜிடியில் மிலான் நகரத்து டூரிங் நிறுவனம் உடலைத் திருத்தியது. செங்குத்தாக நின்ற கார்புரேட்டர்கள் பக்கவாட்டு வகையாக மாறின, மறைந்திருந்த விளக்குகள் நீள்வட்டக் கண்களாக வெளியே வந்தன. அழகு குறைந்ததென்று பலர் வருந்துகிறார்கள். ஓட வேண்டிய காருக்கு அந்த விலை நியாயமானதே என்பது என் கருத்து.

ஜிடிவி பிற்காலத்தில் எஞ்சின் பொருத்தப்பட்டு ஓடும் காராக முடிக்கப்பட்டது. அப்போது பச்சை நிறமும் ஏறியது. வெளிர் நிறத்தில் மேடுபள்ளங்களின் நிழல் தெளிவாக விழும். அடர் நிறத்தில் ஒளியின் பிரதிபலிப்பே முந்திக்கொள்ளும். ஆகவே வடிவத்தைப் படிக்க விரும்புவோர், வெளிர்நீலத்தில் நின்ற 1963-ஆம் ஆண்டுப் படங்களையும் எடுத்துவைத்து, தோள்கோடு, அதாவது ஜன்னலுக்குக் கீழே பக்கவாட்டில் ஓடும் கோடு, கதவைக் கடந்து பின்சக்கர வளைவோடு சேரும் இடத்தை இரண்டிலும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.