நான்கு இலக்க எண்ணில் நுழையும் குப்பை

வெளிநாட்டுக் குப்பையை மலேசியாவுக்குள் கொண்டுவர ரகசியப் படகெல்லாம் தேவையில்லை. சுங்கப் படிவத்தில் ஓர் எண்ணை மாற்றி எழுதினால் போதும். சுங்கத்துறைக் கணக்கில் பிளாஸ்டிக் கழிவுக்கு 3915 என்று குறியீடு. அந்த எண்ணில் வரும் சரக்குக்கு இறக்குமதி அனுமதி வேண்டும். பிளாஸ்டிக் தகடு, ஷீட் வகைக்கு 3920. அதற்கு அந்த அனுமதி கேட்கப்படவில்லை. 2018-19இல் கிள்ளான் துறைமுகத்தில் வந்திறங்கிய குப்பைக் கண்டெய்னர்கள் பல, இந்த இரண்டாவது எண்ணைப் போட்டுக்கொண்டு கௌரவமாகவே வந்தன.

கப்பல் சரக்குக்கு ஏற்பாடு செய்யும் ஃபார்வர்டிங் தொழிலில் இருப்பதால் சொந்தக்காரர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பார்கள்: “குப்பையைப் போய் எவனாவது கப்பல் கூலி கொடுத்து இவ்வளவு தூரம் அனுப்புவானா?” சூட்சுமமே அந்தக் கூலியில்தான் இருக்கிறது. ஆசியாவிலிருந்து சாமான் ஏற்றிக்கொண்டு ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் போகிற பெட்டிகளில் ஏராளமானவை திரும்பி வரும்போது காலி. காலியாக இழுத்து வருவதைவிட, வந்த வாடகைக்கு எதையாவது ஏற்றிக்கொள்வது கப்பல் கம்பெனிக்கு லாபம். பழைய காகிதமும் பழைய பிளாஸ்டிக்கும் அப்படித்தான் மலிவாக நம் பக்கம் வருகின்றன. அங்கேயே ஆள் வைத்துப் பிரித்துக் கழுவினால் கூலி அதிகம், புதைத்தால் வரி. பிரிட்டனில் கூடுதலாக ஒரு வசதி: மறுசுழற்சிக்கென்று ஏற்றுமதியான பேக்கேஜிங், மறுசுழற்சி ஆனதாகவே கணக்கில் ஏறிவிடும். அப்புறம் அது எங்கே போய் எரிந்தது என்பது அந்தக் கணக்கில் வராது.

முன்பு இதெல்லாம் பெரும்பாலும் சீனாவுக்குப் போனது. 2017இல் அறிவித்து 2018 தொடக்கத்தில் சீனா கதவைச் சாத்தியதும், சரக்குக்குப் புது முகவரி தேவைப்பட்டது. சிலாங்கூரின் கோல லங்காட் மாவட்டத்தில் ஜெஞ்சாரோம் என்ற ஊரைச் சுற்றிச் செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே தகரக் கொட்டகைகள் முளைத்தன. விலை போகிற பாட்டில், டப்பாவைப் பொறுக்கி எடுத்துக் கழுவி, உருக்கி, சிறு மணிகளாக்கி விற்றார்கள். கழுவிய தண்ணீர் வாய்க்காலுக்குப் போனது. விலை போகாததை ராத்திரியில் எரித்தார்கள். மூச்சு முட்டுகிறது என்று ஊர்க்காரர்கள் புகார் மேல் புகார் கொடுத்த பிறகுதான் 30க்கும் மேற்பட்ட சட்டவிரோத ஆலைகள் அந்த மாவட்டத்தில் பிடிபட்டன.

கண்டெய்னரைத் திறந்தால் என்ன தெரியும்? கதவோரத்தில் கம்பி போட்டு இறுக்கிய கட்டுகள், பளபளவென்று, ஒரே ரக பிளாஸ்டிக். கதவை மட்டும் திறந்து பார்த்துவிட்டு மூடினால் எல்லாம் சரி. முன் வரிசைக் கட்டுகளை ஃபோர்க்லிஃப்டில் இழுத்து வெளியே வைத்தால்தான் உள்ளே இருப்பவை தெரியவரும்: சாஸ் ஒட்டிய டப்பா, பால் புளித்துப்போன பாட்டில், குழந்தையின் டயபர், எதிலும் சேராத பல அடுக்கு நொறுக்குத்தீனிப் பாக்கெட். கட்டின் அடியில் கறுப்புத் தண்ணீர் கசியும். விலைச்சீட்டில் பவுண்டோ யூரோவோ இருக்கும். எந்த ஊர் சூப்பர்மார்க்கெட் என்றுகூடப் படிக்கலாம்.

2019 மே மாதம் அப்போதைய சுற்றுச்சூழல் அமைச்சர் இயோ பீ யின் துறைமுகத்திலேயே இப்படிப்பட்ட கண்டெய்னர்களைப் பத்திரிகைக்காரர்களுக்குத் திறந்து காட்டினார். அவற்றில் பிரிட்டன் கேபிள், ஆஸ்திரேலியாவின் அசுத்தமான பால் பாக்கெட், பங்களாதேஷ் சிடி எல்லாம் இருந்தன. 2020 ஜனவரிக்குள் 13 நாடுகளுக்கு 150 கண்டெய்னர்கள், 3,737 டன், திருப்பி அனுப்பப்பட்டன. பிரான்சுக்கு 43, பிரிட்டனுக்கு 42. திருப்பி அனுப்புவது செய்தியில் ஒரு வரி. வேலையோ மாதக்கணக்கில் இழுக்கும். அனுப்பிய நாடு ஒத்துக்கொள்ள வேண்டும், கப்பல் கம்பெனி இடம் தர வேண்டும். இறக்குமதி செய்தவரின் தொலைபேசி அதற்குள் உயிர் விட்டிருக்கும். பெட்டி யார்டில் கிடக்கும் ஒவ்வொரு நாளும் வாடகை ஏறும்.

சட்டம் இப்போது இறுகியிருக்கிறது. அபாயக் கழிவு நாடு விட்டு நாடு போவதைக் கட்டுப்படுத்தும் பாசல் என்ற சர்வதேச ஒப்பந்தத்தின் திருத்தப்படி, 2021 ஜனவரி 1 முதல் கலப்படமான, அழுக்கான பிளாஸ்டிக்கை அனுப்புமுன் பெறும் நாட்டின் சம்மதம் வாங்க வேண்டும். அமெரிக்கா அந்த ஒப்பந்தத்தில் சேரவில்லை. அதனால் 2025 ஜூலை முதல் அங்கிருந்து பிளாஸ்டிக் கழிவு வருவதை மலேசியா நிறுத்தியது. மற்ற நாட்டுச் சரக்குக்கும் சிரிம் (SIRIM) என்ற அரசுத் தரநிர்ணய நிறுவனத்தின் ஒப்புதல் கட்டாயம். நல்ல விதிதான். ஆனால் 3915 என்று உண்மையை எழுதுகிறவரைத்தான் அது நேரடியாகத் தடுக்கும். பொய் எண்ணைப் பிடிக்க ஸ்கேனரும் ஆளும் வேண்டும்.

லண்டனிலோ மெல்பர்னிலோ பிள்ளைகள் இருந்தால், டப்பாவை அலசிப் போடச் சொல்லுங்கள். ஓர் அழுக்கு டப்பா, அதோடு சேர்த்துக் கட்டிய எல்லாவற்றையும் கெடுத்துவிடும். ஆனால் குற்றம் அந்தச் சமையலறையில் இல்லை.

நம் ஆட்கள் மாட்டிக்கொள்வது வேறு இரண்டு இடங்களில். “உங்கள் கம்பெனி பெயரில் நாலு கண்டெய்னர் இறக்கித் தருகிறீர்களா, கமிஷன் தருகிறேன்” என்று யாராவது வந்தால் ஒத்துக்கொள்ளாதீர்கள். சரக்கு ரசீதில் பெறுநர் என்று யார் பெயர் இருக்கிறதோ, சுங்கத்துறையும் கப்பல் கம்பெனியும் அவரைத்தான் முதலில் தேடும். இரண்டாவது, நிலம். சும்மா கிடக்கும் தோட்டத்துக்குச் சந்தை விலையைவிட அதிக வாடகை, ஆறு மாத முன்பணம், “ரீசைக்கிள் ஸ்டோர்” என்று கேட்டு வந்தால், நகராண்மைக் கழக உரிமத்தையும் சுற்றுச்சூழல் துறை அனுமதியையும் கையில் வாங்கிப் பார்த்த பிறகு சாவியைக் கொடுங்கள். வாடகைக்கு வந்தவர் ஓடிவிட்டால், மலைபோல் கிடக்கும் குப்பைக்கு நோட்டீஸ் உங்கள் வீட்டு முகவரிக்குத்தான் வரும்.