முன்கண்ணாடியில் சில்லு: விரிசல் ஏன் ஓடுகிறது, பிசின் அதை எப்படி நிறுத்துகிறது?

ஜல்லி ஏற்றிப்போகும் டிப்பர் லாரிக்குப் பின்னால் காரில் போகும்போது ‘டக்’கென்று ஒரு சத்தம். முன்கண்ணாடியில் மிளகளவு வெள்ளைப் புள்ளி: கண்ணாடி சில்லுவிட்டிருக்கிறது. வண்டியை ஓரங்கட்டியதும் செய்ய வேண்டியது, அந்த இடத்தின் மேல் ஒரு துண்டு செலோ டேப் ஒட்டுவது. விரலால் தடவ வேண்டாம், ஈரத்துணியால் துடைக்க வேண்டாம், வைப்பர் போட்டுத் தண்ணீர் அடிக்கவே வேண்டாம். பின்னால் நடக்கப்போகும் பழுதுபார்ப்பு எவ்வளவு நன்றாக அமையும் என்பது பெரும்பாலும் இந்தச் சில நிமிடங்களில் முடிவாகிவிடுகிறது.

காரணம் கண்ணாடிக்குள் இருக்கிறது. முன்கண்ணாடி ஒற்றைத் தகடு அல்ல. ஏறக்குறைய 2 மி.மீ. தடிமனுள்ள இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே பாலிவினைல் பியூட்டைரால் என்ற ரப்பர் போன்ற படலம் 0.76 மி.மீ. அளவில் ஒட்டியிருக்கும். உள்ளே பிளாஸ்டிக் பூச்சு காய்ந்திருந்த ஒரு குடுவை விழுந்து விரிசல் விட்டும் சிதறாமல் நின்றதைப் பார்த்து, பிரெஞ்சு வேதியியலாளர் எதுவார் பெனெதிக்துஸ் உருவாக்கிய யோசனை இது. 1909-ல் காப்புரிமை பெற்றார். இந்தியாவில் மத்திய மோட்டார் வாகன விதி 100 முன்கண்ணாடிக்கு இந்த அடுக்குக் கண்ணாடியைத்தான் கேட்கிறது. கல் பட்டால் வெளித்தகடு மட்டும் உடையும். விரிசல் படலத்தோடு நின்றுவிடும். கார் கதவுகளில் பொதுவாக இருப்பது வேறு வகை. சூடாக்கிச் சட்டென்று குளிரவைத்த அந்தக் கண்ணாடி உடைந்தால் மொத்தமாகக் கற்கண்டுபோல் உதிர்ந்துவிடும், அதில் பழுதுபார்க்க ஒன்றுமில்லை.

கல் பட்ட இடத்தில் உண்டாகும் வடிவம் சுவாரசியமானது. ரேடியோ அலைகளால் பெயர்பெற்ற ஹைன்ரிக் ஹெர்ட்ஸ் 1880-களின் தொடக்கத்திலேயே இதை ஆராய்ந்திருக்கிறார். கடினமான உருண்டை கண்ணாடியில் அழுந்தும்போது, தொட்ட இடத்தைச் சுற்றி வளையமாக வெடிப்பு தொடங்கி, உள்ளே போகப்போக அகன்று, கவிழ்த்துவைத்த புனல்போல் ஆகிறது. அதாவது வாய் சிறியது, வயிறு பெரியது. மேலே தெரியும் குழி ஊசிமுனை அளவு இருக்கலாம். அடியில் காற்று நிரம்பிய இடைவெளி பத்து மடங்கு அகலமாக இருக்கும். மோதல் பலமாக இருந்தால் அதிலிருந்து கால்கள் பிரிந்து நட்சத்திரம் ஆகும்.

இந்தச் சில்லு ஏன் வாரக்கணக்கில் அமைதியாக இருந்துவிட்டு ஒருநாள் காலையில் ஒரு முழம் ஓடிவிடுகிறது? விரிசலின் முனை எவ்வளவு கூர்மையோ அவ்வளவுக்குத் தகைவு (பொருளை உள்ளுக்குள் இழுக்கும் விசை) அங்கே குவிகிறது என்ற கணக்கின் மேல் கண்ணாடி உடையும் விதத்தை விளக்கியவர் ஆங்கிலேயப் பொறியாளர் ஏ. ஏ. கிரிஃபித், 1921-ல் வெளியான அவருடைய கட்டுரை இன்றும் இத்துறையின் அடித்தளம். இதோடு தண்ணீரும் சேர்ந்துகொள்கிறது. கண்ணாடியைப் பிடித்துவைத்திருப்பது சிலிக்கான்–ஆக்சிஜன் பிணைப்பு. விரிசல் முனையில் இழுபட்டுக்கொண்டிருக்கும் அந்தப் பிணைப்பை நீர் மூலக்கூறு வெட்டிவிடும். அதனால் சாதாரணமாகக் கண்ணாடியை அசைக்காத சிறு இழுவிசைகூட, ஈரம் இருந்தால் விரிசலை மெல்ல மெல்ல நகர்த்தும். ஓரளவு நீண்டதும் வெயிலில் காய்ந்த கண்ணாடியின் மேல் கொட்டும் ஒரு வாளித் தண்ணீர், முழுவேகத்தில் கண்ணாடிக்குத் திருப்பிய ஏசி, எல்லாக் கண்ணாடியையும் ஏற்றிவிட்டு அறைந்து சாத்தும் கதவு, ஒரு பள்ளம் என எது வேண்டுமானாலும் மிச்சத்தை முடித்துவிடும். பழுதுபார்க்கும்வரை ஏசி காற்றைக் காலடிக்குத் திருப்பிவைப்பதும் நிழலில் நிறுத்துவதும் உண்மையிலேயே பலன் தரும்.

எல்லாச் சில்லையும் காப்பாற்ற முடியாது. வட்டச் சில்லு 25 மி.மீ.க்குள், அதாவது ₹10 நாணயத்தைவிடச் சற்றுச் சிறியதாக இருந்தால் நல்லது. கண்ணாடியின் விளிம்பிலிருந்து 5 செ.மீ.க்குள் இருந்தால் நம்ப வேண்டாம். வளைத்துச் செய்யும்போதே அந்தப் பகுதியில் இழுவிசைப் பட்டை ஒன்று தங்கிவிடுவதால் விரிசல் அங்கே வேகமாக ஓடும். உள்பக்கம் நகத்தால் வருடிப் பாருங்கள். தட்டுப்பட்டால் உள்தகடும் உடைந்திருக்கிறது, மாற்றித்தான் ஆக வேண்டும். ஓட்டுநரின் நேர்ப்பார்வையில் இருப்பதையும் மாற்றுவதே சரி. பிரிட்டனின் வருடாந்தர வாகனச் சோதனையில் ஓட்டுநருக்கு நேரே 290 மி.மீ. அகலப் பட்டைக்குள் 10 மி.மீ.க்கு மேல் சேதம் இருந்தால் வண்டி தேறாது. வைப்பர் துடைக்கும் மற்ற இடங்களில் வரம்பு 40 மி.மீ. மிகச் சிறந்த பழுதுபார்ப்புகூட மெல்லிய தழும்பை விட்டுவைக்கும். இரவில் எதிர்வரும் விளக்கொளி அதில்தான் பட்டுத் தெறிக்கும்.

இனி வேலை. முதலில் நுண்ணிய ஊசியால் குழியில் தளர்ந்திருக்கும் கண்ணாடித் துகளை மட்டும் எடுக்கிறார்கள். ஈரம் இருந்தால் மெதுவாகச் சூடுகாட்டி உலர்த்தி, கண்ணாடி கைக்குச் சுடாத நிலைக்கு வரும்வரை காத்திருக்க வேண்டும். சூடான கண்ணாடியில் விரிசலின் வாய் நெருங்கிக்கொள்ளும், பிசினும் கட்டுப்படாமல் ஓடும். பிறகு உறிஞ்சுகிண்ணங்களால் கண்ணாடியைப் பிடித்துக்கொள்ளும் தாங்கி. அதன் நடுவே குழியின் மேல் சரியாக அமரும் ரப்பர் முனையுள்ள இன்ஜெக்டர். அதில் மூன்று நான்கு சொட்டு அக்ரிலேட் பிசின் விட்டுத் திருகினால் அழுத்தம் ஏறி உள்ளே போகும். ஐந்து பத்து நிமிடம் கழித்துத் தண்டைப் பின்னுக்கு இழுத்து வெற்றிடம் உண்டாக்கினால் மாட்டிக்கொண்ட காற்று குமிழாக வெளியே வரும். மறுபடி அழுத்தம், மறுபடி வெற்றிடம். சாய்த்துப் பார்க்கும்போது கருப்பாகவோ வெள்ளியாகவோ மின்னும் இடமெல்லாம் இன்னும் காற்றுதான். நட்சத்திரத்தின் கால்நுனிதான் கடைசியில் நிரம்பும். அவசரப்படுபவர்கள் தோற்பது இங்கேதான்.

நிரம்பியதும் சில்லு கண்முன்னே மறைவதற்குக் காரணம் ஒளியியல். கண்ணாடியின் ஒளிவிலகல் எண் சுமார் 1.52, காற்றுக்கு 1. இந்தப் பெரிய வேறுபாட்டால்தான் இடைவெளி முகம் பார்க்கும் கண்ணாடிபோல் மின்னியது. பிசினின் எண் கண்ணாடிக்கு மிக அருகில் இருப்பதால் ஒளி தடையின்றிக் கடக்கிறது. மறைவதைவிட முக்கியம், பிசின் விரிசலின் இரு முகங்களையும் ஒட்டி, முனையில் குவியும் தகைவைக் குறைத்து, தண்ணீர் நுழையும் வழியையும் அடைத்துவிடுகிறது.

குழியின் மேல் இன்னொரு சொட்டுக் கெட்டிப் பிசின், அதன் மேல் காற்றுப் புகாமல் ஒரு பிளாஸ்டிக் துண்டு. பின் புறஊதா விளக்கைச் சில நிமிடம் காட்டினால் பிசின் இறுகும். விளக்கு இல்லாவிட்டால் கால்மணி நேர வெயில் போதும். ஒளி வெளியிலிருந்துதான் வர வேண்டும், ஏனென்றால் நடுப்படலம் புறஊதாக் கதிரைப் பெரும்பாலும் தடுத்துவிடும். வெயிலிலும் புறஊதாக் கதிர் இருப்பதால் பிசின் ஏற்றும் வேலையை வெயிலில் செய்யக் கூடாது. பாதி வழியிலேயே இறுகிவிடும். கடைசியில் பிளேடைச் செங்குத்தாகப் பிடித்து மேலே துருத்துவதைச் சுரண்டி மெருகேற்றுகிறார்கள்.

உடனடிப் பசையைச் சொட்டுவிடுவது மிகப் பெரிய தவறு. அது வாயை மட்டும் அடைத்துக் காய்ந்துவிடும். கீழே காற்று நிரம்பிய இடைவெளி அப்படியே இருக்கும், பின்னால் சரியான பிசினும் நுழைய முடியாது. நாள்பட்டு அழுக்கும் கார் ஷாம்புவும் இறங்கிய விரிசலும் சிக்கல்தான்: பிசின் சரியாக ஒட்டாது, கறுப்புக் கோடும் நிரந்தரம்.

மாற்ற வேண்டி வந்தால், ஓரத்தில் இருக்கும் ஐஎஸ்ஐ முத்திரையைப் பாருங்கள். கண்ணாடியை ஒட்டும் யூரித்தேன் பசை காற்றின் ஈரத்தை எடுத்துக்கொண்டு இறுகுவது. எத்தனை மணி நேரம் கழித்து வண்டியை எடுக்கலாம் என்பது பசைக்குப் பசை மாறும், கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பல கார்களில் பயணி பக்க ஏர்பேக் இந்தக் கண்ணாடியில் சாய்ந்துதான் விரிகிறது. அரைகுறையாக இறுகிய பசை அதைத் தாங்காது. கண்ணாடிக்குப் பின்னால் கேமரா உள்ள கார்களில் அதை மறுபடி அளவுதிருத்தம் செய்ய வேண்டும். காப்பீட்டில் கண்ணாடிக்குத் தேய்மானக் கழிவு இல்லை, ஆனால் க்ளெய்ம் செய்தால் நோ க்ளெய்ம் போனஸ் போகலாம். சில்லுப் பழுதுக்கு கைக்காசு போடுவதே பெரும்பாலும் லாபம். பழைய கண்ணாடியோடு ஃபாஸ்டேகும் போய்விடும், உரித்து ஒட்டினால் வேலை செய்யாது. டோல் இருக்கும் சாலையில் ஏறுமுன் வங்கியிடம் மாற்று ஃபாஸ்டேக் வாங்கிவிடுங்கள்.