நூலால் அளந்தால் 3.14, அதற்கு மேல்?

ஒரு சாப்பாட்டுத் தட்டை எடுத்து, விளிம்பைச் சுற்றி நூலை ஒட்டினாற்போல் வையுங்கள். நூலின் நுனி வந்து தொடும் இடத்தில் வெட்டி, ஸ்கேலில் அளந்தால் சுற்றளவு கிடைக்கும். தட்டின் நடுவழியாகக் குறுக்கே அளந்தால் விட்டம். சுற்றளவை விட்டத்தால் வகுங்கள். தட்டு, வளையல், சைக்கிள் சக்கரம் எதுவானாலும் விடை 3-ஐவிடக் கொஞ்சம் கூடுதலாக வரும். அந்த எண்தான் பை.

கொஞ்சம் என்றால் எவ்வளவு? இங்கேதான் நூல் கைவிடுகிறது. தட்டின் விட்டம் 25 செ.மீ., சுற்றளவு 78.5 செ.மீ. என்றால் பை 3.14. நூலை அளப்பதில் 2 மி.மீ. பிசகினாலே 3.148 ஆகிவிடும். நல்ல நூலும் பெரிய தட்டும் இருந்தாலும் இன்னும் ஓரிரண்டு இலக்கம் கிடைக்கலாம், அவ்வளவுதான்.

சிரக்கூஸ் நகரத்துக் கிரேக்கக் கணித மேதை ஆர்க்கிமிடீஸ் சுமார் 2200 ஆண்டுகளுக்கு முன்பே அளப்பதை விட்டுவிட்டுக் கணக்குப் போட்டார். வட்டத்துக்குள் முனைகள் தொடும்படி ஓர் அறுகோணம் வரையுங்கள். அதன் ஒவ்வொரு பக்கமும் ஆரத்துக்குச் சமம். ஆறு ஆரம் என்றால் மூன்று விட்டம். வட்டம் அதற்கு வெளியே வளைந்து போவதால் பை 3-ஐவிடப் பெரியது. வட்டத்தைச் சுற்றி வெளியே ஒரு சதுரம் வரைந்தால் அதன் சுற்றளவு நான்கு விட்டம். ஆகவே பை 4-ஐவிடச் சிறியது. இப்படி உள்ளேயும் வெளியேயும் வேலி போட்டு நெருக்கலாம். அவர் அறுகோணத்தில் தொடங்கி, பக்கங்களை 12, 24, 48, 96 என்று இரட்டித்துக்கொண்டே போனார். கடைசியில் பை 3 10/71-க்கும் 3 1/7-க்கும் நடுவில் சிக்கியது. தசமப் புள்ளியே இல்லாத காலத்தில் இதைச் செய்தார் என்பதுதான் எனக்கு ஆச்சரியம். பள்ளியில் நாம் போடும் 22/7 அந்த வெளிவேலிதான், உண்மையான பையைவிடத் துளி பெரியது.

அப்புறம் கேரளத்துக்கு வருவோம். 14-ஆம் நூற்றாண்டில் சங்கமகிராமத்து மாதவர் வட்டத்தை வரையவே தேவையில்லாத ஒரு வழியைக் கண்டுபிடித்தார்:

பை = 4 − 4/3 + 4/5 − 4/7 + 4/9 − ...

கீழே ஒற்றைப்படை எண்கள் வரிசையாக வருகின்றன. கூட்டல், கழித்தல் மாறி மாறி வருகிறது. இது ஏன் பையைத் தருகிறது என்று புரிய மேல்வகுப்புக் கணக்கு வேண்டும். போட்டுப் பார்க்கக் கால்குலேட்டர் போதும். முதலில் 4, அப்புறம் 2.667, 3.467, 2.895, 3.340. ஒரு தடவை கூடிப்போகிறது, மறுதடவை குறைந்துபோகிறது. ஊஞ்சல் மாதிரி ஆட்டம் சிறுகச் சிறுக அடங்கும், ஆனால் ரொம்ப மெதுவாக. 100 உறுப்பு போட்டாலும் 3.1316 தான்!

மாதவர் வழிவந்தவர்கள் இதற்கும் ஒரு வைத்தியம் வைத்திருந்தார்கள். நிறுத்தும் இடத்தில் எவ்வளவு மிச்சம் என்று பார்த்தால், அது சுமார் 1/உறுப்புகளின் எண்ணிக்கை. ஐந்தாவது உறுப்போடு நிறுத்தினால் 3.340 கூடுதல், ஆகவே 1/5-ஐக் கழியுங்கள்: 3.140. நான்கில் நிறுத்தினால் 2.895 குறைவு, 1/4-ஐக் கூட்டுங்கள்: 3.145. சரிதானே?

மாதவர் கொடுத்ததாகச் சொல்லப்படும் விடையில் தசமமே கிடையாது. விட்டம் 90,000 கோடி என்றால் சுற்றளவு 2,82,743 கோடியே 33,88,233 என்கிறது அது. வகுத்துப் பாருங்கள், 3.14159265359 வரும்.

மேலே கூட்டிக் கழித்த 1/எண்ணிக்கையைவிட இன்னும் நுட்பமான திருத்தமும் உண்டு. உறுப்புகளின் எண்ணிக்கையை 4-ஆல் பெருக்கி மேலே எழுதுங்கள். எண்ணிக்கையின் வர்க்கத்தை 4-ஆல் பெருக்கி, 1 கூட்டிக் கீழே எழுதுங்கள். பத்து உறுப்புக்கு இது 40/401. பத்து உறுப்பின் கூட்டுத்தொகை 3.04184, இது குறைவுப் பக்கம். 40/401-ஐக் கூட்டினால் 3.14159.