எக்ஸ்ட்ராக்டர் வாங்கும்போது பம்பை விடுங்கள், டியூப்பைப் பாருங்கள்

சென்னையில் அபார்ட்மென்ட்டில் இருந்துகொண்டு காருக்கு நாமே ஆயில் மாற்ற நினைத்தால் முதல் தடை இடம்தான். இரண்டு தூண்களுக்கு நடுவே நெருக்கமாக நிற்கும் காரை ஜாக்கி போட்டுத் தூக்கி, அடியில் படுத்து, டிரெயின் போல்ட்டைக் கழற்றி, சூடான எண்ணெயைத் தட்டில் பிடிக்க வேண்டும், தரையில் கறை விழுந்தால் அசோசியேஷனுக்குப் பதில் சொல்ல வேண்டும். அதனால்தான் எண்ணெய் அளவு பார்க்கும் கம்பியான டிப்ஸ்டிக்கின் துளை வழியாக மேலிருந்தே எண்ணெயை உறிஞ்சி எடுக்கும் எக்ஸ்ட்ராக்டர் பக்கம் பலருடைய கவனம் போகிறது. நல்ல கருவி, சந்தேகமே இல்லை. ஆனால் வாங்குகிறவர்கள் பெரும்பாலும் பம்ப் எவ்வளவு வலுவானது, டேங்க் எத்தனை லிட்டர் என்றுதான் கேட்கிறார்கள். கூடவே வரும் அந்த மெல்லிய டியூப்பை யாரும் கவனிப்பதில்லை. வேலை நாலு நிமிடத்தில் முடியுமா நாற்பது நிமிடம் இழுக்குமா என்பது அதில்தான் இருக்கிறது.

கைப்பம்ப் வைத்த எக்ஸ்ட்ராக்டரில் பம்ப் எண்ணெயைத் தொடுவதே இல்லை. டேங்கில் இருக்கும் காற்றை வெளியே எடுக்கிறது, அவ்வளவுதான். உள்ளே அழுத்தம் குறைந்ததும், எஞ்சினுக்குள் எண்ணெயின் மேல் அழுத்திக்கொண்டிருக்கும் காற்று எண்ணெயை டியூப் வழியாக டேங்குக்குத் தள்ளிவிடுகிறது. கடல் மட்டத்தில் இருக்கும் சென்னையில் அந்தக் காற்றழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 1 கிலோ. எவ்வளவு காசு கொடுத்து எந்தப் பம்ப் வாங்கினாலும் அதற்கு மேல் கிடைக்காது. ஒரு கைப்பம்ப் அதில் 70 சதவீதத்தை எட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஏசி மெக்கானிக் கொண்டுவரும் மோட்டார் பம்ப் கிட்டத்தட்ட முழுவதையும் எட்டும். ஆனாலும் இரண்டுக்கும் வித்தியாசம் ஒன்றரை மடங்குகூட இல்லை. எண்ணெயை முக்கால் மீட்டர் உயரத்துக்கு ஏற்றுவதற்கு அந்த அழுத்தத்தில் பத்தில் ஒரு பங்குகூடத் தேவைப்படாது. மீதி எல்லாம் டியூப்பின் தடையோடு மல்லுக்கட்டவே செலவாகிறது.

அந்தத் தடையின் கணக்கைச் சொன்னவர்களில் ஒருவர் புவாசே என்ற பிரெஞ்சு மருத்துவர். ரத்தம் மெல்லிய நாளங்களில் எப்படி ஓடுகிறது என்று ஆராய்ந்தவர், 1840களில் அவர் வெளியிட்ட முடிவு இதுதான்: குழாய் வழியாகப் பாயும் திரவத்தின் அளவு குழாயின் ஆரத்தின் நான்காம் அடுக்குக்கு ஏற்ப மாறும். உள்விட்டம் 3 மி.மீ.யிலிருந்து 4 மி.மீ. ஆனால் பாய்ச்சல் மும்மடங்குக்கு மேல். 6 மி.மீ. ஆனால் 16 மடங்கு. நீளம் பாதியானால் பாய்ச்சல் இருமடங்கு, பாகுநிலை, அதாவது திரவத்தின் கெட்டித்தன்மை, பாதியானாலும் இருமடங்கு. விலை கூடிய பம்ப் தரும் ஒன்றரை மடங்கை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

எண்ணெயின் சூடும் இங்கேதான் உள்ளே வருகிறது. கேனில் 5டபிள்யூ-30 (5W-30) என்று போட்டிருக்கும் சாதாரண எஞ்சின் எண்ணெய் 40 டிகிரியில் இருக்கும் பாகுநிலையில் ஆறில் ஒரு பங்குதான் 100 டிகிரியில் இருக்கிறது. மே மாத வெயிலில் கார் நின்றாலும் எண்ணெய்க்கு அது குளிர்தான், கத்திரி வெயிலை நம்பி எஞ்சினை ஓட்டாமல் உறிஞ்ச ஆரம்பிக்க வேண்டாம். ஒன்றரை மீட்டர் நீளம், 4 மி.மீ. உள்விட்டம் உள்ள டியூப்புக்கு நான் போட்ட தோராயக் கணக்கில், 65 டிகிரி சூட்டில் 3 லிட்டர் எண்ணெய் நாலு நிமிடத்தில் வந்துவிடும். அதே எண்ணெய் ஆறிக் கிடந்தால் கால் மணி நேரம். டியூப் 3 மி.மீ. என்றால் ஆறிய எண்ணெய்க்கு முக்கால் மணி நேரத்துக்கும் மேல். வண்டியை அடையாறிலிருந்து திருவான்மியூர் வரை ஒரு சுற்று ஓட்டிவந்து, பத்து நிமிடம் நிறுத்தி, எண்ணெய் கீழே இறங்கிய பிறகு ஆரம்பித்தால் போதும். கொதிக்கக் கொதிக்க வேண்டாம், டியூப் குழைந்துவிடும், கையும் சுடும்.

இனி கருவியை மாற்றி அமைப்பது. நான் முதலில் செய்யச் சொல்வது ஒன்றுதான்: டிப்ஸ்டிக் குழாய்க்குள் போகும் அறுபது எழுபது சென்டிமீட்டர் மட்டும் மெல்லிய டியூப்பாக இருக்கட்டும், அங்கிருந்து டேங்க் வரை 10 அல்லது 12 மி.மீ. ஓஸ் போடுங்கள். 12 மி.மீ. ஓஸ் தரும் தடை, அதே நீளமுள்ள 4 மி.மீ. டியூப்பின் தடையில் 81இல் ஒரு பங்கு, அதாவது இல்லாத மாதிரி. வெற்றிடத்தில் சப்பையாகிவிடாத கெட்டியான ஓஸ் வேண்டும், உள்ளே கம்பிச் சுருள் ஓடும் சக்ஷன் ஓஸ் இருந்தால் இன்னும் நல்லது. மெல்லிய பகுதிக்கு ஆர்ஓ வாட்டர் ஃபில்டரின் டியூப்பை மாட்டுகிறவர்கள் உண்டு. அது குளிர்ந்த தண்ணீருக்கானது, சூடான எண்ணெயில் தளர்ந்துவிடும். நியூமேட்டிக், அதாவது காற்றழுத்தத்தில் இயங்கும் கருவிகளுக்கான, சாமான் விற்கும் கடைகளில் வெளிவிட்டம் 6, உள்விட்டம் 4 மி.மீ. அளவில் நைலான், டெஃப்லான் டியூப்கள் மீட்டர் கணக்கில் கிடைக்கும். டெஃப்லான் விலை கூடுதல், ஆனால் எஞ்சின் சூட்டுக்கு அசையாது, வழுக்கிக்கொண்டு உள்ளே இறங்கும். வாங்கும் முன் உங்கள் டிப்ஸ்டிக் குழாயின் உள்விட்டத்தை அளந்துகொள்ளுங்கள்.

டியூப்பின் முனையைச் சாய்வாக வெட்டுங்கள், நேராக வெட்டினால் எஞ்சினுக்கு அடியில் எண்ணெய் தங்கும் சேம்பரின் அடித்தகட்டில் ஒட்டி அடைத்துக்கொள்ளும். சுருட்டி வைத்த டியூப் உள்ளே போனதும் மறுபடி சுருண்டு முனை மேலே எழும்பிவிடும், எண்ணெய்க்குப் பதில் காற்றை உறிஞ்சும். சுடுதண்ணீரில் போட்டு நேராக இழுத்துப் பிடித்து ஆறவிட்டால் சரியாகும். எண்ணெய் நிறைய இருக்கும்போதே குமிழி குமிழியாக வந்தால் முனை மேலே இருக்கிறது, இல்லையென்றால் எங்கோ இணைப்பில் காற்று நுழைகிறது. டேங்கில் ஒரு வெற்றிட மீட்டர் பொருத்திவிட்டால் இந்தச் சந்தேகம் ஒரு நிமிடத்தில் தீரும். டியூப்பை மடக்கிப் பிடித்துக்கொண்டு முள் இறங்குகிறதா என்று பார்த்தால் போதும், இறங்கினால் இணைப்பில்தான் கோளாறு.

பெயின்ட் பக்கெட்டில் ஓட்டை போட்டு டேங்க் செய்யும் யோசனையை மட்டும் விட்டுவிடுங்கள், இதை அழுத்திச் சொல்கிறேன். 30 செ.மீ. விட்டமுள்ள மூடியின் மேல், 70 சதவீத வெற்றிடத்தில், கிட்டத்தட்ட அரை டன் பாரம் உட்காரும். மூடி உள்ளே நொறுங்கும், எண்ணெய் தெறிக்கும். கண்ணாடிப் பாத்திரம் அதைவிட மோசம். பேட்டரியில் மாட்டும் 12 வோல்ட் சின்னப் பம்புகளில் எண்ணெய் பம்புக்குள்ளேயே ஓடுகிறது, ஆறிய எண்ணெயில் அவை திணறும், தவிர அவற்றோடு வரும் டியூப்பும் மெல்லியதுதான். எந்த எக்ஸ்ட்ராக்டராலும் பெட்ரோலை எடுக்கவே கூடாது.

எல்லா எஞ்சினுக்கும் இது ஒத்துவராது. சிலவற்றில் டிப்ஸ்டிக் குழாய் சேம்பரின் ஆழமான பகுதிக்கு நேராக இறங்காது, சில புதிய கார்களில் டிப்ஸ்டிக்கே கிடையாது. முதல் முறை உறிஞ்சி முடித்ததும் டிரெயின் போல்ட்டையும் ஒருமுறை கழற்றிப் பாருங்கள். அரை டம்ளர் வந்தால் கவலையில்லை, அரை லிட்டர் வந்தால் உங்கள் காருக்கு இந்த வழி வேண்டாம். டேங்கில் போட்டிருக்கும் கோடுகளை முழுதாக நம்பாமல் எடைபோட்டுப் பார்ப்பது நல்லது, ஒரு லிட்டர் எண்ணெய் ஏறக்குறைய 850 கிராம். வெளியே வந்தது தெரியாமல் புத்தகத்தில் போட்ட அளவை அப்படியே ஊற்றினால் எண்ணெய் கூடிவிடும். ஃபில்டர் எஞ்சினுக்கு அடியில் இருக்கும் காராக இருந்தால் எப்படியும் கீழே குனிந்தாக வேண்டும், அந்தக் காருக்கு எக்ஸ்ட்ராக்டர் பாதி வேலையைத்தான் குறைக்கும்.

எஞ்சின் ஆயில் எடுத்த டியூப்பை பிரேக் ஆயில் டப்பாவுக்குள் விடாதீர்கள். எஞ்சின் எண்ணெய் கொஞ்சம் கலந்தாலும் பிரேக்கின் ரப்பர் சீல்கள் ஊதிவிடும். கூலன்ட்டையும் அதே டேங்கில் சேர்க்க வேண்டாம், கலந்த எண்ணெயை மறுசுத்திகரிப்பது கடினம். பழைய எண்ணெய் 2016ஆம் ஆண்டின் அபாயகரக் கழிவு விதிகளுக்குள் வருகிறது. தெருவோர மழைநீர் வடிகாலில் கொட்டினால் கூவத்துக்கோ அடையாற்றுக்கோ பக்கிங்காம் கால்வாய்க்கோ போய்ச் சேரும். புது எண்ணெய் வந்த கேனிலேயே ஊற்றி, இறுக மூடி, பழைய ஆயிலைச் சேர்த்துவைத்து மறுசுழற்சிக்கு அனுப்பும் ஒர்க்‌ஷாப் எது என்று விசாரித்து அங்கே கொடுத்துவிடுங்கள்.