வேதாளத்தின் மேல் பழி போடும் முன்

“இதைப் படிச்சதுல இருந்துதான் டாக்டர், ராத்திரி பாத்ரூம் போகக்கூடத் தனியா எழுந்திருக்க மாட்டேங்கிறான்” என்று சொல்லிக்கொண்டே அந்த அம்மா கைப்பையிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்து மேசையில் வைத்தார். அட்டையில் முருங்கை மரம், அதில் தலைகீழாகத் தொங்கும் வேதாளம். பையனுக்கு எட்டு வயது. படுக்கையை நனைக்கிறான். சாயங்கால வகுப்புக்குக் கிளம்பும் நேரத்தில் வயிறு வலிக்கிறது என்கிறான். வீட்டில் தீர்ப்பு எழுதி முடித்தாயிற்று, குற்றவாளி வேதாளம். (நான் டாக்டர் இல்லை, குழந்தைகள் மனநல ஆலோசகர். திருத்தித் திருத்தி அலுத்துவிட்டது. பையனை யாரும் அடையாளம் காணாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

பேய், மந்திரவாதி, மாயக் குகை என்று வரும் சாகசக் கதைகளைப் பிள்ளைகளுக்குக் கொடுக்கலாமா என்று பெற்றோர் அடிக்கடி கேட்பார்கள். ஐந்து வயதுக்குக் கீழ் என்றால் சுடுகாட்டை விட்டுவிட்டுச் சொல்லுங்கள். அந்த வயதில் கதையில் இருப்பதும் கட்டிலுக்கடியில் இருப்பதும் எளிதில் கலந்துவிடும். ஏழெட்டு வயதில் பெரும்பாலான பிள்ளைகள் ‘இது கதை’ என்று தெரிந்தேதான் பயப்படுகிறார்கள், பயப்படுவதற்காகவே இன்னொரு தடவை சொல்லச் சொல்கிறார்கள். இதில் பெரிய சிக்கல் எதுவும் இல்லை. என் கவலை, கதையை நாம் முழுசாகச் சொல்வதே இல்லை என்பதுதான்.

வேதாளம் போடும் புதிர்கள் நம் எல்லோருக்கும் தெரியும். செத்த சிங்கத்தின் எலும்பைக் கூட்டி, தசை வைத்து, உயிர் கொடுத்தார்கள் நான்கு சகோதரர்கள். எழுந்த சிங்கம் அவர்களையே தின்றது. பழி யாரைச் சேரும்? மூலத்தில் இருப்பது இருபத்தைந்து கதைகள்தான். 1947இல் தொடங்கிய அம்புலிமாமா சிறுவர் இதழில் அதையும் தாண்டிப் புதுசு புதுசாக வந்துகொண்டே இருந்தது, வேதாளமும் சளைக்காமல் மரம் ஏறிக்கொண்டே இருந்தது. நாங்கள் அதில் வளர்ந்தவர்கள். ஆனால் விக்கிரமன் அந்தப் பிணத்தை எதற்காகத் தூக்கினான், கடைசியில் என்ன ஆயிற்று என்று என் வயதுக்காரர்களிடம் கேட்டுப் பாருங்கள், பலர் திருதிருவென்று விழிப்பார்கள்.

பதினோராம் நூற்றாண்டில் காஷ்மீரத்துச் சோமதேவர் எழுதிய கதாசரித்சாகரம் என்ற சமஸ்கிருதக் கதைத் தொகுப்பில் அதன் தொடக்கம் இருக்கிறது. கோதாவரிக் கரையில் ஒரு நகரம். ராஜசபைக்குத் தினமும் ஒரு துறவி வருகிறான், ஒரு பழத்தை நீட்டுகிறான், போய்விடுகிறான். எதுவும் கேட்பதில்லை. இப்படியே பத்து வருஷம். ராஜாவும் வாங்கி வாங்கிப் பொக்கிஷக்காரரிடம் கொடுத்துவிடுகிறான். ஒருநாள் வளர்ப்புக் குரங்கு கையில் பழம் சிக்குகிறது. அது கடித்துப் பிளக்க, உள்ளேயிருந்து ஒரு ரத்தினம் விழுகிறது. பொக்கிஷ அறையைத் திறந்து பார்த்தால் பழமெல்லாம் அழுகிப்போய், நடுவில் ரத்தினக் குவியல். ராஜா இப்போது கடன்பட்டவன். எதற்காக இவ்வளவும் என்று அவனே கேட்கிறான். துறவி தனியே அழைத்துச் சொல்கிறான்: ஒரு மந்திர காரியம், உன்னைப் போன்ற வீரன் துணை வேண்டும், தேய்பிறைச் சதுர்த்தசி இரவில் சுடுகாட்டு ஆலமரத்தடிக்கு வா. ராஜா கறுப்புத் துணியைப் போர்த்திக்கொண்டு, வாளை எடுத்துக்கொண்டு, யார் கண்ணிலும் படாமல் கிளம்புகிறான். அங்கே துறவி கேட்பது, தூரத்தில் ஒரு மரத்தில் தொங்கும் பிணத்தை. அதற்குள் புகுந்திருப்பதுதான் வேதாளம். வழியில் அது புதிர் போடும், ராஜா வாய் திறந்து பதில் சொன்னால் மறுபடி மரத்துக்கே போய்விடும்.

முடிவு இன்னும் முக்கியம். கடைசிப் புதிருக்கு ராஜாவிடம் பதில் இல்லை, பேசாமல் நடக்கிறான். மனம் மகிழ்ந்த வேதாளம் உண்மையைப் போட்டு உடைக்கிறது. அந்தத் துறவி உன்னைப் பலி கொடுக்கத்தான் அழைத்திருக்கிறான், தரையில் விழுந்து வணங்கச் சொல்வான், ‘நான் ராஜா, எனக்கு வணங்கிப் பழக்கமில்லை, நீ செய்து காட்டு’ என்று சொல். ராஜா அப்படியே சொல்கிறான். துறவி விழுந்து காட்டும்போது கதை முடிகிறது. (வாள் என்ன செய்தது என்பதை நான் நாசூக்காக விட்டுவிடுவேன். பிள்ளைகள் விடமாட்டார்கள். “தலை போச்சா, போகலையா?”)

இந்தப் பகுதியை வளர்ந்த பிறகு முழுசாகப் படித்தபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பாலியல் சீண்டலுக்கு உள்ளான பிள்ளைகளின் கோப்புகளில் நான் எழுதும் வரிசை இதேதான். முதலில் பரிசு. எதையும் எதிர்பார்க்காதவர் போன்ற முகம். பிள்ளைக்கு நன்றிக்கடன். பிறகு தனியாக ஓர் இடம், அதன் மேல் ஒரு ரகசியம். இப்படிப் பழக்கிப் பக்குவப்படுத்துவதற்குத் தமிழில் எல்லோரும் சொல்லும் சொல் ஒன்று எனக்குக் கிடைக்கவில்லை. அதனால் என் அறையில் அதற்குப் பெயர் ‘பழம் கொடுப்பது’. அறிமுகமில்லாதவர் மிட்டாய் கொடுத்தால் வாங்காதே என்றுதான் வீட்டில் சொல்லி வளர்க்கிறோம். போக்சோ வழக்குகளில், அதாவது பிள்ளைகள் மீதான பாலியல் குற்ற வழக்குகளில், மிகப் பெரும்பாலானவற்றில் குற்றம் சாட்டப்பட்டவர் பிள்ளைக்கு ஏற்கெனவே தெரிந்தவர். வேதாளம் மாதிரி பயங்கரமாக இருப்பவரிடம் எந்தப் பிள்ளையும் தானாகப் போவதில்லை.

பையனிடம் வருகிறேன். அவன் கொண்டுவந்த புத்தகத்தில் துறவிக்கு நான்கு வரி. குரங்கே இல்லை. நான் அவனுக்கு முதலிலிருந்து சொன்னேன். குரங்கு பழத்தைக் கடிக்கும் இடம் வரை மேசை ஓரத்துச் சன்மைக்காவை நகத்தால் நிமிண்டிக்கொண்டிருந்தான். நிமிண்டல் நின்றது. “பழம் மட்டும்தான் குடுப்பாரா ஆன்ட்டி? ரப்பர்லாம் குடுக்க மாட்டாரா?”

அந்த இடத்தில் நான் எதுவும் கேட்கவில்லை. ‘குடுத்தாலும் குடுப்பார்’ என்று மட்டும் சொல்லிவிட்டுக் கதையை முடிவு வரை கொண்டுபோனேன். முடிந்ததும் அவனே பேசினான். சாயங்கால வகுப்பில் உதவிக்கு இருக்கும் ஒரு அண்ணன். முதலில் வாசனை ரப்பர். பிறகு போனில் கேம். எல்லோரும் போன பிறகு கொஞ்ச நேரம் இருந்துவிட்டுப் போ. அம்மாவிடம் சொன்னால் கேம் கிடையாது. பெரிதாக எதுவும் நடப்பதற்கு முன்னால் தெரிந்துபோனது நல்லகாலம்.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், பேய்க் கனவு காணும் பிள்ளைக்கெல்லாம் பின்னால் ஒரு துறவி இல்லை. பெரும்பாலும் பேய்க் கனவு பேய்க் கனவுதான், நாலு நாளில் போய்விடும். கதையைச் சொல்லிவிட்டு, “உனக்கு யாராவது பழம் குடுக்கிறாங்களா?” என்று போலீஸ் விசாரணை நடத்தாதீர்கள். பிள்ளையாகப் பேசினால் குறுக்கே பேசாமல் கேளுங்கள், திரும்பத் திரும்பச் சொல்ல வைக்காதீர்கள், “அப்பவே ஏன் சொல்லல?” என்ற கேள்வியை விழுங்கிவிடுங்கள். குழந்தைகள் உதவி எண் 1098, எந்த நேரமும் எடுப்பார்கள். 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, பிள்ளைக்கு எதிராக இத்தகைய குற்றம் நடந்திருப்பதாகவோ நடக்கக்கூடும் என்றோ தெரிய வந்தவர் காவல்துறைக்குச் சொல்லியே ஆகவேண்டும், பெற்றோரானாலும் என்னைப் போன்றவரானாலும். வாக்குமூலம் வாங்க வரும் அதிகாரி சீருடையில் வரக்கூடாது, பிள்ளையின் வீட்டிலேயே எழுதிக்கொள்ளலாம், எந்தக் காரணத்துக்காகவும் பிள்ளையை இரவில் ஸ்டேஷனில் வைத்திருக்க முடியாது. ‘ஸ்டேஷனுக்கு இழுத்தடிப்பார்களே’ என்று வாயை மூடிக்கொள்ளும் குடும்பங்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

பயங்கரமாக இருப்பது உதவும் கதை நம்மிடமே இன்னொன்று உண்டு. மணிமேகலையில் வரும் சாதுவன், கப்பல் உடைந்து, பாய்மரத் துண்டைப் பிடித்துக்கொண்டு நாகர் மலையில் கரை ஒதுங்கி, அசந்து மரத்தடியில் தூங்குகிறான். ஆளைத் தின்னும் நாகர்கள் வந்து எழுப்ப, அவர்கள் பேச்சிலேயே இவன் பதில் சொல்கிறான். அவர்கள் தலைவன் இவனுக்கு விருந்தே வைக்கச் சொல்கிறான். பிள்ளைகளுக்கு இது ஏகப் பிடித்தம். புராணக் கதையை எடுத்துப் புதிதாக எழுதிய சாகசப் புத்தகம் எதை வாங்கினாலும் நான் இதைத்தான் புரட்டிப் பார்ப்பேன்: கெட்டவன் கோரைப்பல்லோடு மட்டும்தான் வருகிறானா? அப்படியென்றால் படம் எவ்வளவு அழகாக இருந்தாலும் எனக்கு அந்தப் புத்தகம் அவ்வளவாக ஒட்டாது.

பையன் நாலைந்து தடவை வந்தான். கடைசி முறை ஒரு படம் வரைந்து கொடுத்தான். சுடுகாடு, ஆலமரம், தாடி வைத்த துறவி, தோளில் வேதாளத்தோடு ராஜா. மரத்துக்குப் பின்னால் இன்னொரு உருவம் ஒளிந்திருந்தது. யாரென்று கேட்டேன்.

“ராணி. ராஜா கிளம்பும்போதே சொல்லிட்டாரு.”

ராணி கையில் டார்ச் லைட் இருந்தது.