நார்க்காரை

கடையில் 'ஃபைபர் சிமெண்ட்' என்று கேட்டால் பலகையையோ கூரைத் தகட்டையோ எடுத்துக் காட்டுவார்கள். ஏட்டில் அதற்குப் பெயர் 'இழை வலுவூட்டப்பட்ட சிமெண்ட் கூட்டுப்பொருள்'. சொல்லி முடிப்பதற்குள் கலவையே இறுகிவிடும். சரி, நீளத்தை மன்னித்துவிடலாம். நடுவில் உட்கார்ந்திருக்கும் 'வலு'தான் சிக்கல்.

ஃபைபருக்கு மூலம் லத்தீன் 'ஃபிப்ரா', நார் என்றே பொருள். சிமெண்டின் கதை வேடிக்கையானது. 'கைமென்டும்' என்றால் லத்தீனில் வெட்டிய கல், கல் சில்லு. கல்லைக் குறித்த சொல், காலப்போக்கில் கல்லை ஒட்டவைக்கும் பொருளுக்குப் பெயராகிவிட்டது. இலங்கையில் சீமெந்து. நமக்குக் 'காரை' என்ற பழைய சொல் கைவசம் இருக்கிறது. "காரை பெயர்ந்து விழுந்தது" என்று இன்றும் சொல்கிறோம். கான்கிரீட்டைக் கற்காரை என்பதும் அதை வைத்துத்தான்.

இழையா, நாரா? இழை நூற்றது, நீளமாக ஓடுவது. கலவையில் தூவுவதோ விரல் நீளத்தைத் தாண்டாத எஃகு, கண்ணாடி, பாலிப்ராப்பிலீன் துண்டுகள். நார்தான் பொருந்தும். ஆஸ்பெஸ்டாஸுக்குக் 'கல்நார்' என்று அழகாகப் பெயர் வைத்தாயிற்றே! அந்தக் கல்நாரைச் சிமெண்டோடு சேர்த்துத் தகடாக்கியவர் ஆஸ்திரியாவின் லுட்விக் ஹாட்செக். நுரையீரலைக் கெடுப்பது தெரிந்தபின் பல நாடுகள் அதைத் தடைசெய்தன; செல்லுலோஸ் நார் போன்றவை அந்த இடத்துக்கு வந்தன.

இப்போது 'வலு'வுக்கு வருவோம். கற்காரை அமுக்கத்தை நன்றாகத் தாங்கும். இழுத்தால் அதில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான். கொள்ளளவில் 1 சதவீதம் எஃகு நார் சேர்த்தாலும் அமுக்க வலிமை பெரிதாக ஏறாது. வெடிப்பு விழுந்த பிறகுதான் நாருக்கு வேலையே. வெடிப்பின் இரு கரையையும் அது பிடித்துக்கொள்கிறது. பிளவு விரிய வேண்டுமானால் நார் காரையிலிருந்து உருவி வர வேண்டும். அதற்கு ஆற்றல் செலவாகும். எஃகு நாரின் முனைகளைக் கொக்கிபோல் வளைப்பது இதற்காகத்தான். பிடிமானம் அளவு மீறினாலும் ஆகாது, நார் உருவாமல் அறுந்துவிடும். அதிகமாகக் கொட்டினால் உருண்டை உருண்டையாகச் சுருண்டுகொள்ளும்.

வெடித்த பிறகும் விட்டுப்போகாமல் தாங்கும் இந்தக் குணத்தை, ஆங்கிலத்தில் 'டஃப்னஸ்' என்பதை, 'கடினத்தன்மை' என்று எழுதுவது தவறு. கண்ணாடி கடினமானது, கீழே விழுந்தால் சுக்குநூறு. மூங்கில் அப்படியல்ல. 'முறிவுதாங்கல்' என்றால் பொருள் நேராக வரும். மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் பொறியாளர் விக்டர் லி 1990களில் உருவாக்கிய நார்க்காரை வகையில் சுமார் 2 சதவீதம் பாலிவினைல் ஆல்கஹால் நார். சாதாரணக் கற்காரை 0.01 சதவீதம் நீள்வதற்குள் பிளந்துவிடும். இது 3 முதல் 5 சதவீதம்வரை நீளும். ஒரே பெரிய பிளவுக்குப் பதில் மயிரிழை வெடிப்புகள் பல விழும். மண்சுவருக்குச் சேற்றில் வைக்கோலை மிதித்துக் குழைப்பதும் சுவர் வெடித்துப் பிளக்காமலிருக்கத்தானே?

அதனால் வலுவை விட்டுவிட்டு நார்க்காரை என்றே எழுதலாம். எந்த நார் என்று சொல்ல வேண்டிய இடத்தில் எஃகு நார்க்காரை, கண்ணாடி நார்க்காரை.